ஆறிலிருந்து எட்டு வரை

பத்து வயதுவரை தமிழில் கவலை இல்லை. பாட்டு உண்டு, நரியும் காக்கையும் உண்டு. பதினாலு ஆனதும் 'பொன்னியின் செல்வன்' எங்கிருந்தாவது தானே கைக்கு வந்துவிடுகிறது. இடையில், ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, ஒரு மூன்று வருஷம் இருக்கிறது. இந்தப் பிராயத்துக்கு நம்மிடம் ஒரு பெயர்கூடக் கிடையாது. குழந்தை என்றால் அதற்குக் கோபம். இளைஞன் என்றால் நமக்குச் சிரிப்பு. வீட்டுக் கடனைப் பற்றி அடுக்களையில் தாழ்ந்த குரலில் பேசுவது காதில் விழ ஆரம்பிப்பதும், எல்லோருக்கும் கிடைத்தது தனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை என்று ராத்திரி விழித்துக் கிடப்பதும் இந்தச் சமயத்தில்தான்.

ஒரு பள்ளி நூலகத்துக்காக இந்த வயதினருக்குப் பத்துப் புத்தகங்கள் சிபாரிசு செய்தேன். கல்வி கோபாலகிருஷ்ணனும் வாண்டுமாமாவும் தேறினார்கள். மூன்று பெயர்களை அடித்துவிட்டார்கள்: கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு', கி. ராஜநாராயணனின் 'கதவு', சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்'. வயதுக்கு மீறியவையாம்.

எனக்கு வேடிக்கையாகப் படுவது, மூன்றிலும் நடுவில் நிற்பவர்கள் பள்ளிக்கூட வயதுக்காரர்களே என்பது. 'அன்பளிப்பு' கதையில் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு டைரி கிடைக்கிறது, சாரங்கனுக்கு இல்லை. அவன் அழவில்லை, கேட்கவுமில்லை. வீட்டுக்கு அழைத்து உபசரித்து, தானே ஒரு டைரியை நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று அதில் எழுதித்தரச் சொல்கிறான். அந்தப் பெயர் தாங்கிய தொகுதிக்கு 1970இல் சாகித்ய அகாதமி பரிசு. பெரியவர்கள் படித்துப் பெரியவர்கள் கண் கலங்கிய கதை. இதில் பன்னிரண்டு வயதுக்குப் புரியாதது என்ன? நமக்குத்தான் அது ஞாபகம்; அவனுக்கு அது நேற்று நடந்தது.

'கதவு' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தீர்வை பாக்கிக்காகக் கழற்றிப் போன கதவை, அதில் ஏறி ஆடிய குழந்தைகள் பின்னால் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள். வறுமை பற்றிய கட்டுரைப் போட்டி நடத்தும் பள்ளிகளுக்கு இது ஆகவில்லை.

'முதல் ஆசிரியர்' விஷயம் அவ்வளவு லேசானதல்ல என்பது வாஸ்தவம். கிர்கீஸிய கிராமத்தில் தானே அரைகுறையாகப் படித்த துய்ஷேன் ஒரு பழைய குதிரை லாயத்தைப் பள்ளிக்கூடமாக்குகிறான். உறைய வைக்கும் ஓடையில் பிள்ளைகளைச் சுமந்து கடத்துகிறான். அநாதைப் பெண் அல்தினாயை உறவினரே ஒருவனுக்கு விற்றுவிடுகிறார்கள். அவள் சீரழிக்கப்படுகிறாள். "பெற்றோர் வந்து கேட்டால் நான் என்ன சார் சொல்வது?" என்றார் நூலக ஆசிரியை. நியாயமான பயம். மாதச் சம்பளத்தில் இருப்பவரை நான் கோழை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் வந்த அந்தப் புத்தகத்தை நான் படித்தபோது எனக்கு வயது பன்னிரண்டு. கடத்தல் பயமாகத்தான் இருந்தது. அடி வாங்கிக் கை ஒடிந்தவன் அவளை மீட்கத் திரும்பி வருகிறானே, அது பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. குற்றம் அவளுடையதல்ல என்று எனக்கு யாரும் விளக்கவில்லை, விளக்கம் தேவைப்படவில்லை. 2020இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' தகாத தொடுதலைப் பற்றியது. அவசியமான புத்தகம். ஆனால் அது எச்சரிக்க வருகிறது. ஐத்மாத்தவ் எச்சரிக்கவில்லை, கூட நடந்து வருகிறார். இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கலாம்.

நம் கூட்டத்தையும் சொல்ல வேண்டும். நம்மில் பாதிப்பேர் பால்யத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம். அதை அந்த வயதில் இருப்பவனிடம் நீட்டக் கூச்சம். குழந்தை இலக்கியம் என்று முத்திரை விழுந்துவிடுமே என்று. யாராவது சாரங்கன் கதையைத் தனியாக, பெரிய எழுத்தில், சிறு பிரசுரமாகப் போடுவதானால் ஐம்பது பிரதிக்கு நான் பணம் கட்டுகிறேன்.