ஓடும்போது காட்டும் முள்

என் தமக்கையின் மகன் இங்கே புனேயில் ஒரு மோட்டார்ப் பட்டறையில் வேலை பார்க்கிறான். பொறியியல் படித்த பிள்ளை சட்டையெல்லாம் எண்ணெயுமாக நிற்கிறானே என்று நம் சங்கத்து அன்பர்கள் சிலருக்கு வருத்தம். அவன் வேலை இன்னதென்று அறிந்தால் அவ்வருத்தம் சற்றுக் குறையலாம்.

நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, நேர்பாதையில் கால் மைலை, அதாவது 402 மீட்டரை, யார் முதலில் கடப்பது என்பதே டிராக் பந்தயம். லோனாவாலாவை அடுத்த ஆம்பி வேலி விமான ஓடுதளத்தில் இப்பந்தயம் நடந்திருக்கிறது. அத்தகைய பந்தயத்துக்காக ஒரு மராட்டிய இளைஞன், தன் மோட்டார் சைக்கிளை விற்ற பணத்தில், பழைய ஹோண்டா சிட்டி காருக்கு டர்போ பூட்டிக் கொண்டுவந்தான். பந்தயத்துக்கு ஐந்தே நாட்கள் இருந்தன.

டர்போ எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும். அந்தக் காற்றை எதிர்த்துப் பெட்ரோல் பீய்ச்ச வேண்டுமாதலால், காற்றின் அழுத்தம் ஏறுமளவு பெட்ரோலின் அழுத்தமும் ஏறவேண்டும். வெற்றிடக் குழாயைக் கழற்றிவிட்டு, நிற்கும் வண்டியில் 3 பார் வைத்தார்கள். காற்று 1 பார் ஏறினால் பெட்ரோல் 4 பார் காட்டவேண்டும். நிற்கையில் முள் அசையாமல் நின்றது. "சரியாகத்தானே இருக்கிறது?" என்றேன்.

"மாமா, உங்கள் ரயிலில் டிரைவர் தம் எஞ்சினில் 5 கிலோ பார்த்துவிட்டால் போதுமா? கடைசிப் பெட்டியில் கார்டு ஏன் பார்க்கிறார்?" என்றான். எனக்குப் பதில் இல்லை.

சக்கரங்களை உருளைகள்மேல் ஏற்றி வண்டியைக் கட்டி முழுவேகத்தில் ஓட்டினார்கள். முள் 4-க்கு ஏறியது. பிறகு மெல்ல வழுகி 3.2-க்கு வந்தது. உடனே நிறுத்தச் சொன்னான். எதிர்க்கும் காற்றைக் கழித்தால் மிச்சம் 2.2 தான். அதற்கு வர்க்கமூலக் கணக்குப்படி பெட்ரோல் ஏழில் ஒரு பங்கு குறையும். பன்னிரண்டு பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது பதினான்குக்கு ஒன்றாகிவிடும். அந்தச் சூட்டில் பிஸ்டன் உருகுவதற்குச் சில விநாடிகளே போதுமாம்.

"திருகைச் சற்று முறுக்கி அழுத்தத்தைக் கூட்டிவிடு" என்றார் பட்டறைக்காரர். இவன் மறுத்தான். அழுத்தம் கூடக்கூடப் பம்பு தள்ளும் அளவு குறையும். நிற்கையில் முள் அழகாகத் தெரியும், ஓட்டத்தில் இன்னும் விரைவில் விழும் என்றான். வாக்குவாதம் முற்றியது. இளைஞனோ, வேறு பட்டறைக்குப் போகிறேன் என்று சாவியைக் கேட்டான். "தாராளமாகப் போங்கள். ஆனால் இந்த 3.2-ஐ அங்கேயும் காட்டுங்கள்" என்று சாவியைக் கொடுத்துவிட்டான் இவன். வாடிக்கையை இழப்பதில் இத்தனை அமைதி எங்கிருந்து வந்ததோ!

இளைஞன் போகவில்லை.

அன்றிரவே பம்பின் வாயிலில் மின்னழுத்தம் அளந்தார்கள். பாட்டரியில் 13.5 வோல்ட்; பம்புக்குச் சேர்ந்ததோ 10.9. இடையில் பழைய மெல்லிய கம்பி. ரிலே வைத்து, பாட்டரியிலிருந்து நேரே தடித்த கம்பி இழுத்ததும் முள் 3.7 வரை தாங்கியது. ஆயினும் 4 ஆகவில்லை. பெரிய பம்பு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஆகவே டர்போவின் காற்றை 0.6 பாருக்குக் குறைத்தான்; அதற்கு வேண்டிய 3.6-ல் முள் கடைசிவரை நின்றது.

ஞாயிறன்று இளைஞன் இரண்டாம் சுற்றிலேயே தோற்றானாம். திங்களன்று காரைத் தானே ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்து, புதிய பம்புக்கு முன்பணம் கட்டிவிட்டுப் போனான்.