கடைமடையில் கோலா சுங்கை பாரு

மலாக்கா மாநிலத்தின் வடமேற்குக் கரையில், அலோர் காஜா மாவட்டத்தில் இருக்கிறது கோலா சுங்கை பாரு. வடக்கே கோலா லிங்கி. லிங்கி ஆற்றைத் தாண்டினால் நெகிரி செம்பிலான். தெற்கே பெங்காலான் பாலாக், பாடாங் கெமுந்திங், தஞ்சோங் பீடாரா என்று மணற்கரைகள் தொடரும். கடலுக்கு முதுகைக் காட்டி மஸ்ஜித் தானா பக்கம் திரும்பினால் செம்பனையும் பால்மரமும்தான்.

ஆற்றுவாயில் இருக்கும் ஊர், வாய்க்காலின் கடைமடை வயலைப் போன்றது. மேலே யார் எதைக் கலந்தாலும் வந்து சேருவது இங்கேதான். தீபகற்ப மலேசியாவில் அழுங்காமைகள் முட்டையிடும் முக்கியக் கரை மலாக்காவுடையது. பாடாங் கெமுந்திங்கில் மீன்வளத் துறை ஆமைக் காப்பகமே வைத்திருக்கிறது. லிங்கியின் சதுப்புநிலக் காட்டில் முதலைகள் உண்டு. மீனவர் வலையும் ஆமை முட்டையும் பிழைப்பதும் கெடுவதும், மேலே ஆலைக்காரர் எடுக்கும் முடிவைப் பொறுத்தது.

ஆலை இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. 1896-இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டங்களில் அது ஒன்று. பின்னாலேயே தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். பால் வெட்டி ஸ்டோரில் ஊற்றியவர்களுக்கு ஆசிட் நெடியும் அம்மோனியா எரிச்சலும் பழகிப் போயின.

அந்த நெடியில்தான் நமக்கு வேண்டிய கதை இருக்கிறது. ரப்பர் பால் கெடாமலிருக்க அம்மோனியா கலப்பார்கள். அடர்பாலில் வழக்கமாக 0.7 விழுக்காடு வரை. அடர்பால் எடுத்தபின் மிஞ்சும் தெளிபாலை உறைய வைக்கக் கந்தக அமிலம் ஊற்றுவார்கள். அமிலத்தின் சல்பேட் கழிவுக் குட்டைக்குப் போய், காற்றில்லாத சேற்றில் ஹைட்ரஜன் சல்பைடாக மாறி, அழுகிய முட்டை நாற்றம் எடுக்கும். குட்டையை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் நாற்றம் போகாது. ஊற்றும் அமிலத்தைக் குறைப்பதுதான் வழி. அம்மோனியாவையும் 0.2 விழுக்காட்டுக்கு இறக்கலாம். ஆனால் அதற்கு ஈடாகத் துத்தநாக ஆக்சைடும் டிஎம்டிடி என்ற ரசாயனமும் சேர்க்க வேண்டும். டிஎம்டிடியோ, புற்றுநோய் அச்சம் தரும் நைட்ரோசமைன்களுக்கு வழிவிடக்கூடியது. ஒரு நஞ்சைக் குறைத்தோம் என்று கணக்கெழுதும்போது, அதன் இடத்தில் எது வந்தது என்றும் எழுத வேண்டும்.

செம்பனை ஆலையின் கதை வேறு. அதன் கழிவுநீரில் கொடிய ரசாயனம் கிடையாது. ஆனால் அழுகும்போது ஆற்றின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். சுத்திகரிக்காத கழிவு ஒரு லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம் ஆக்சிஜன் கேட்கும். 1977-இல் மலேசிய அரசு விதி வகுத்தது. 1978-இல் 5,000 என்று தொடங்கிய வரம்பு, படிப்படியாக இறங்கி 1984-இல் 100 ஆனது. ஆற்றில் விடும் சுமைக்குத் தக்கபடி டன்னுக்கு 10 வெள்ளி உரிமக் கட்டணம். முதல் ஆண்டில் வரம்பை மீறியவர்கள் கூடுதல் கட்டணம் கட்டித் தப்பிக்க முடிந்தது; அடுத்த ஆண்டு முதல் அந்தச் சலுகை இல்லை. அவகாசம், கட்டணம், கண்டிப்பு மூன்றும் சேர்ந்தபோது ஆலைகள் தாமாகவே வழி தேடின. கழிவைக் குட்டையில் நொதிக்கவிட்டு, பிறகு தோட்டத்துக்கே உரமாகப் பாய்ச்சின.

தொழிற்பேட்டை ரசாயனம் இவ்வளவு எளிதில் வழிக்கு வரவில்லை. 1995-இல் பங்கோர் தீவில் சயனைடு பீப்பாய்கள் கள்ளத்தனமாகக் கொட்டப்பட்டன. போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் நானாஸில் நச்சுக்கழிவு நிலையம் 1998-இல் இயங்கத் தொடங்கியது. இருந்தும் 2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங்கின் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டிய கழிவு ஆயிரக்கணக்கானோரைச் சிகிச்சைக்கு அனுப்பியது. 111 பள்ளிகளை மூட வேண்டியிருந்தது. கழிவை முறையாக அழிக்கப் பணம் வேண்டும், ஆற்றில் கவிழ்க்க ஓர் இரவு போதும். ஆகவே கழிவையே உண்டாக்காத ஆலைதான் பத்திரமான ஆலை.

அமெரிக்காவில் 1991-இல், நச்சைக் குறைப்பதை ஆலைகளின் விருப்பத்துக்கு விட்டு ஒரு திட்டமாகவே நடத்திப் பார்த்தார்கள். 17 நச்சு ரசாயனங்களின் வெளியேற்றத்தை, 1988 கணக்கிலிருந்து 1992-க்குள் 33 விழுக்காடும் 1995-க்குள் 50 விழுக்காடும் குறைப்பது இலக்கு. ஏறத்தாழ 1,300 நிறுவனங்கள் சேர்ந்தன. இலக்கு ஓராண்டு முன்னதாகவே எட்டப்பட்டது. சேராத நிறுவனங்களும் குறைத்தன, குறைவில் ஒரு பங்கு திட்டத்துக்கு முன்பே நடந்துவிட்டது என்று விமர்சகர்கள் சொன்னார்கள். அதில் நியாயம் உண்டு. உண்மையில் வேலை செய்தது திட்டத்தின் பெயரல்ல, போபால் பேரழிவுக்குப் பின் 1986-இல் வந்த சட்டம். எந்த ஆலை எந்த நஞ்சை எவ்வளவு விட்டது என்ற பட்டியலை அது பொதுமக்கள் முன் வைத்தது. பட்டியலில் முதலிடம் பிடிக்க எந்த முதலாளியும் விரும்பவில்லை.

மலேசிய ரசாயனத் தொழில் மன்றமும் 1994-இல், கனடாவில் பிறந்த, ஆலைகள் தாமாக ஏற்கும் ‘பொறுப்புப் பேணல்’ (Responsible Care) உறுதிமொழியை ஏற்றது. சுற்றுச்சூழல் துறையும் ஆலைகளின் சுயக் கட்டுப்பாட்டை ஊக்குவிக்கிறது. ஆலைகள் தங்கள் நச்சுக்கழிவுக் கணக்கை மின்னணு வழியில் துறைக்குத் தருகின்றன. ஆனால் கோலா சுங்கை பாரு மீனவர் ஒருவர் ஆலைவாரியாகப் புரட்டிப் பார்க்கும் பட்டியலாக அது வெளிவருவதில்லை. பார்ப்பவர் இல்லாத இடத்தில் விருப்பம் வெறும் விளம்பரமாகிவிடும்.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு யாராவது இந்தக் கரைக்கு வந்தால், சாலை விளக்கோடு அந்தப் பட்டியலையும் கேளுங்கள்.