இருங்காட்டுக்கோட்டைக்கு எந்த டயர்ல போறீங்க?

ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்சரை மணி. ஹாஸ்டல் பசங்களுக்கு அப்படி ஒரு நேரம் இருக்கறதே தெரியாது. பரவாயில்லை, இன்னைக்கு ஒருநாள் போர்வையை உதறிட்டு வாங்க பாஸ். ஒரு இடத்துக்குப் போகலாம்.

கோயம்பேடு, மதுரவாயல், பூந்தமல்லி, செம்பரம்பாக்கம்... பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள், இன்னொரு பக்கம் ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள். ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னாடி வருகிறது இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிற ஊர் என்றுதான் பலருக்குத் தெரியும். நாம போகப்போறது அங்கே இல்லை. கார் செய்கிற இடத்துக்கு இல்லை, காரைப் பிழிந்து காயப்போடுகிற இடத்துக்கு!

ரேஸ் ட்ராக்கை முதலில் கண்டுபிடிப்பது கண் இல்லை, மூக்கு. பெட்ரோலும் சுட்ட ரப்பரும் கலந்த ஒரு வாசனை. பிடிச்சவங்களுக்கு அது மல்லிப்பூ. பிடிக்காதவங்களுக்குத் தலைவலி. 3.7 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகள். 1990-ல் இருந்து இங்கே ரேஸ் நடக்கிறது. அதற்கு முன்னால் சென்னைக்காரர்கள் ரேஸ் பார்க்கப் போனது சோழவரத்துக்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் கார்களும் பைக்குகளும் பறந்த கதையை உங்க தாத்தாவிடம் கேட்டுப் பாருங்க. கண்ணு மின்னும்.

ரேஸ் இல்லாத சில நாட்களில் கிளப்புகள் 'ட்ராக் டே' நடத்துவதுண்டு. சொந்தக் காரோடு வந்து, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, கட்டணம் கட்டி ஓட்டலாம். போட்டி, கப் எதுவும் கிடையாது. அப்படி ஒரு நாளில் பிட்டில் நின்று காதைத் தீட்டிக் கேளுங்க. "இன்ஜின் என்ன?" என்று கேட்பவர்கள் குறைச்சல். "டயர் என்ன?" என்பதுதான் முதல் விசாரிப்பு.

ஏன் தெரியுமா?

நாலு உள்ளங்கை

ஓடுகிற காரில் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவுக்குத்தான். மொத்தம் நாலு உள்ளங்கை. பிரேக், திருப்பம், வேகம் எல்லாமே அந்த நாலு உள்ளங்கை வழியாத்தான் ரோட்டுக்குப் போகணும். இன்ஜினில் எத்தனை லட்சம் செலவழிச்சாலும் அந்த உள்ளங்கை வழுக்கினால் முடிஞ்சது கதை.

அதனால்தான் 'ஒட்டும் டயர்' மேல் எல்லோருக்கும் ஒரு காதல். மெத்தென்ற ரப்பர். ரோட்டின் சின்னச் சின்ன மேடு பள்ளத்துக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். குறைந்த பள்ளங்கள், நிறைய ரப்பர். ஆனால் மெத்தென்று இருப்பது சீக்கிரம் தேயும். சாதாரண டயர் வருஷக்கணக்கில் உழைக்கும். முரட்டுத்தனமான ட்ராக் டயர் சில ட்ராக் நாட்களிலேயே 'போய்ட்டு வரேன் மச்சி' என்று கிளம்பிவிடும்.

ஒரு நிமிஷமா, இருபது நிமிஷமா?

'நல்ல டயர் எது?' என்று கேட்டால் பதில் கிடையாது. 'எங்கே ஓட்டப்போற?' என்பதுதான் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி.

ஆட்டோகிராஸ் என்பது ஒரு மைதானத்தில் கூம்புகளை நட்டு, அதற்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டும் விளையாட்டு. ஒவ்வொருத்தராக, கடிகாரத்தோடு போட்டி. ஒரு ரவுண்டு பெரும்பாலும் ஒரு நிமிஷம் முன்னே பின்னே. முடிந்ததும் அடுத்த வாய்ப்புக்கு வரிசையில் நிற்க வேண்டியதுதான். டயருக்குச் சூடேற நேரமே இல்லை. எனவே ஜில்லென்று இருக்கும்போதே பிடிக்கிற டயர்தான் அங்கே ராஜா.

ட்ராக்கில் கதை தலைகீழ். பதினைந்து, இருபது நிமிஷம் தொடர்ந்து ஓட்டுவீங்க. சென்னை மத்தியான வெயிலில் தார் 50 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். ஆட்டோகிராஸில் கலக்கிய அதே மெத்து டயர் இங்கே சில சுற்றிலேயே அளவுக்கு மீறிச் சூடாகி, வெண்ணெய் மாதிரி வழுக்க ஆரம்பிக்கும். இங்கே வேண்டியது சூட்டைத் தாங்கும் டயர்.

இன்னொரு விஷயம். நம்ம ஊர் ஆட்டோகிராஸ் நிறைய மண் தரையில் நடக்கிறது. மண்ணில் ஒட்டும் டயருக்கு வேலையே இல்லை, அங்கே பள்ளம் அதிகமான டயர்தான் தோண்டிப் பிடிக்கும். பணம் கட்டும் முன்னாடி 'தரை தாரா, மண்ணா?' என்று கேட்காமல் டயர் வாங்கி அசடு வழிந்தவர்கள் உண்டு.

நாங்க பட்ட பாடு

நான் மட்டும் பெரிய அறிவாளியா? கேளுங்க. சில வருஷம் முன்பு, என் ஃப்ரெண்டின் அப்பா கார். பழைய எஸ்டீம். அவர் ஊரில் இல்லாத ஒரு அக்டோபர் ஞாயிறு. மற்றதை நீங்களே யூகிச்சிருப்பீங்க.

ரேஸில் ஓடிய நாலு டயர் சல்லிசாகக் கிடைக்கிறது என்று ஒரு கடையில் வாங்கிவிட்டோம். பார்க்க கும்மென்று இருந்தது. ரப்பர் நிறைய மீதி. 'ஜாக்பாட்டுடா' என்று மாட்டிக்கொண்டு நேராக ட்ராக்குக்கே வந்துவிட்டோம்.

இரண்டாவது சுற்று. ஒரு வலது வளைவு. பின் பக்கம் சத்தமே இல்லாமல் கழன்று போன மாதிரி இருந்தது. உலகம் ஒரு முறை முழுசாகச் சுற்றியது. நின்றபோது கார் புல்லில், எங்க உயிர் தொண்டையில். நல்லவேளை, பின்னால் யாரும் வரவில்லை.

பிட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தோம். அங்கிருந்த ஒரு மெக்கானிக் அண்ணன் குனிந்து டயரை நகத்தால் அழுத்தினார். நகம் இறங்கவில்லை. பக்கவாட்டில் இருந்த நாலு எண்ணைப் படித்தார். டயருக்கு வயசு எட்டு!

"தம்பி, இது ரப்பர் இல்ல, பலகை. பலமுறை சூடாகி ஆறி இறுகிப்போச்சு. டயர் காசுல ஒட்டாது, பதமான சூட்டுலதான் ஒட்டும். முதல்ல சாதா டயர்ல ஓட்டக் கத்துக்கோங்க."

அவர் சொன்னதன் அர்த்தம் பிறகுதான் புரிந்தது. சாதாரண டயர் வழுக்கும் முன்னால் கத்தும். 'கீ...' என்ற அந்தச் சத்தம் எச்சரிக்கை. மெதுவாக விட்டுக்கொடுக்கும், நீங்க திருத்திக்கொள்ள நேரம் தரும். ஒட்டும் டயர் ரொம்ப நேரம் அமைதியாகப் பிடித்திருந்துவிட்டு, விடும்போது பட்டென்று விடும், அதுவும் அதிக வேகத்தில். புதுசா ஓட்டுபவருக்குக் கத்துகிற டயர்தான் வாத்தியார்.

கதை அதோடு முடியலை. திரும்பும்போது மழை. வடகிழக்குப் பருவமழை, சும்மா கொட்டோ கொட்டு. பூந்தமல்லி வருவதற்குள் தேங்கிய தண்ணீரில் கார் மிதந்தது. ஸ்டியரிங் கையில் லேசானது. முன்னால் ஒரு லாரியின் சிவப்பு விளக்கு. பிரேக்கை மிதித்தால் என்ன ஆகுமோ என்று மிதிக்கவே பயந்து, ஆக்ஸிலேட்டரை மட்டும் விட்டுவிட்டு... சில நொடிகள். அந்தச் சில நொடிகளில் நாங்க இரண்டு பேரும் எங்க அம்மாவை நினைத்துக்கொண்டோம். பிறகு ஓரமாக நிறுத்தி, மழை விடும் வரை ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை.

டயரில் இருக்கும் பள்ளம் அழகுக்கு இல்லை ஃப்ரெண்ட்ஸ். தண்ணீரை வெளியே தள்ளுவதற்கு. ட்ராக் டயரில் அது குறைச்சல்.

கடையில் என்ன பார்க்கணும்?

பிறந்த தேதி: பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2323 என்றால் 2023-ன் 23-வது வாரம் செய்தது. பழசென்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

சைஸ்: 185/60 R14 என்றால் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 111 மில்லிமீட்டர். ரிம் 14 இன்ச். உங்க ரிம்முக்குப் பொருந்தாத அகலம் வாங்கிப் பிதுக்கி மாட்டாதீங்க.

ட்ரெட்வேர் எண்: எல்லா டயரிலும் இருக்காது. இருந்தால் பாருங்க. எண் குறையக் குறைய சீக்கிரம் தேயும், பெரும்பாலும் நன்றாக ஒட்டும். வீட்டு டயர்களில் 300, 400 என்று இருக்கும். அமெரிக்க ஆட்டோகிராஸில் ரோட்டில் ஓடும் கார்களுக்கான பல பிரிவுகளில் 200-க்குக் கீழே அனுமதி இல்லை. ஆனால் இந்த எண்ணைப் போடுவது டயர் கம்பெனியேதான். ஒரு கம்பெனியின் 200-ஐ இன்னொன்றின் 200-ஓடு ஒப்பிட்டு ஏமாறாதீங்க.

வேக எழுத்து: S என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், H என்றால் 210, V என்றால் 240 வரை. கார் கம்பெனி சொன்ன எழுத்துக்குக் கீழே இறங்க வேண்டாம்.

காற்று: இது இலவச வித்தை! காலையில் 30 வைத்தால் நாலைந்து சுற்றுக்குப் பிறகு 35-ஐத் தொடலாம். ஓட்டி முடித்த உடனே சூட்டோடு அளந்து, கூடினதை இறக்குங்க. டயரின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு ஓட்டிப் பாருங்க. பக்கச் சுவர் வரை கோடு அழிந்திருந்தால் காற்று போதலை. விளிம்புக்கு மேலேயே கோடு அப்படியே நின்றால் காற்று அதிகம்.

நரேனும் நாலாம் இடமும்

'சும்மா டயருக்கு இவ்வளவு பில்டப்பா?' என்று கேட்கிறீங்களா? நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனை எடுத்துக்குங்க. ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். 2005 ஜூன், அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். அங்கே சாய்வாகக் கட்டிய ஒரு வேக வளைவை மிஷலின் டயர்கள் தாங்காது என்று பயிற்சியிலேயே தெரிந்துபோனது. ரேஸ் அன்று, வார்ம்-அப் சுற்று முடிந்ததும் அந்த டயர் போட்ட 14 கார்களும் பிட்டுக்குள் ஒதுங்கின. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. நரேன் நாலாவது. ஐந்து புள்ளிகள்!

உலகின் தலைசிறந்த எஞ்சினியர்கள் செய்த டயர்தான் அது. மற்ற ட்ராக்குகளில் ஜெயித்துக்கொண்டிருந்த டயர்தான். அந்த ஒரு வளைவுக்குச் சரிப்படவில்லை, அவ்வளவுதான். டயரைத் தேர்ந்தெடுப்பது நாம இல்லை பாஸ், இடம்தான்.

அப்போ நாம என்ன செய்யலாம்? வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் ட்ராக் என்றால், வீட்டுக் காரில் இருக்கும் நல்ல நிலைமையிலுள்ள டயரே போதும். ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகும் ஆசை விடலை என்றால், பழைய ரிம் நாலு வாங்கி அதில் ஒட்டும் டயரை மாட்டி வைத்துக்கொள்ளுங்க. டிக்கியிலும் பின் சீட்டிலும் போட்டு எடுத்துவந்து ட்ராக்கில் மாட்டுங்க, முடிந்ததும் கழற்றுங்க. அரை மணி நேர வேலை, கொஞ்சம் வியர்வை.

சாயங்காலம் கேட்டை விட்டு வெளியே வரும்போது உங்க டயருக்கு இன்னொரு 40 கிலோமீட்டர் பாக்கி இருக்கும். அங்கே கொடி காட்ட யாரும் இல்லை. புல்வெளி இல்லை. லாரிதான் இருக்கு. ட்ராக்கில் இரண்டு நொடி குறைக்கிற டயரை அப்புறம் பார்த்துக்கலாம். முதலில், மழையில் வீடு வந்து சேர்க்கிற டயரை வாங்குங்க.

என் ஃப்ரெண்டின் அப்பாவுக்கு இன்னும் இந்த விஷயம் தெரியாது. அங்கிள், இதைப் படிக்கிறீங்கன்னா... ஸாரி!