இருந்திருந்தால்

கிழக்கேகோட்டையில், பேருந்துகளின் இரைச்சலுக்கும் பழவங்காடிக் கணபதி கோவிலில் உடைபடும் தேங்காய்களின் ஓசைக்கும் நடுவே வாழும் நாங்கள், சென்ற கோடையில் ஒரு போர்விமானம் கட்டினோம். அன்பர்கள் நகைக்க வேண்டா. அதன் நீளம் 22 சென்டிமீட்டரே.

எங்கள் மகனின் விமானி ஆசை கண்பார்வைச் சோதனையோடு முடிவுற்றிருந்தது. வீட்டில் பேச்சே அற்றுப்போன நாட்கள் அவை. ஒரு மாலை அவனே வாய்திறந்தான்: “அப்பா, மாருத் விமானம் செய்வோமா? இருந்தபடி அன்று, இருந்திருக்க வேண்டியபடி.”

மாருத், நம் நாட்டில் வடிவமைத்துக் கட்டிய முதல் ஜெட் போர்விமானம். ஜெர்மானிய அறிஞர் குர்ட் டாங்க் தலைமையில் உருவான அதனை, 1961 ஜூன் 17 அன்று பெங்களூரில் சுரஞ்சன் தாஸ் முதன்முதலாகப் பறக்கச் செய்தார். ஒலியைப் போல் இருமடங்கு வேகத்தை எண்ணி வரைந்த உடல் அது. வாய்த்தவையோ வலிமை போதாத ஆர்ஃபியஸ் எஞ்சின்கள் இரண்டு. வலுமிக்க எஞ்சினை உருவாக்கும் செலவை ஏற்பார் இல்லாமையால், எண்ணிய வேகத்தை அது எட்டவில்லை.

அந்த எஞ்சின் கிடைத்துவிட்டதாகக் கொண்டோம். மாற்றம் அது ஒன்றே. ஆனால், ஒன்றை மாற்றியதும் மற்றவை சும்மா இருக்கவில்லை. பெரிய எஞ்சினுக்குக் காற்று மிகுதியாக வேண்டும், பக்கவாய்களை அகலப்படுத்தினோம். வால்புறம் பருத்தது; பருத்தால் காற்றின் தடை கூடும்; உப்புத்தாளால் தேய்த்தோம். எரிபொருள் மிகுதியாகச் செலவாகும். சிறகின்கீழ்த் தொட்டிகள் பொருத்தினோம். சாலைக் கடைத்தெருவில் வாங்கிய பேனாக்களின் மூடிகள் இரண்டும் எரிவாய்களாயின.

வெற்றிக் குறிகள் தீட்டவிருந்த நாளில், மகன் ஒரு செய்தியைப் படித்துக் காட்டினான். எஞ்சினின் வலுவைக் கூட்டிய மாருத்தைச் சோதிக்கையில், 1970 ஜனவரி 10 அன்று, அதே சுரஞ்சன் தாஸ் உயிர்நீத்தார். நாங்கள் பேனா மூடிகளால் முடித்ததை அவர் மெய்யாகவே முயன்றவர். தூரிகையைக் கழுவி வைத்துவிட்டான் மகன். கட்டப்பட்டவை 147; அந்தக் குறையுள்ள மாருத்களே 1971ஆம் ஆண்டுப் போரில் கடமையாற்றின.

ஊர்விட்டு வந்த நம் இல்லங்களில், ‘அங்கேயே இருந்திருந்தால்’ என்னும் பேச்சு எழாத நாள் உண்டா? நாங்களும் பேசியவர்களே. ஒன்றை மாற்றினால் அதனோடு மாறுவனவற்றையும் ஏற்கவேண்டும் என்பதை அட்டையும் பசையும் எங்களுக்குக் கற்பித்தன. ஊரிலேயே இருந்திருந்தால், அன்று வாய்திறந்த இந்த மகன் எங்களுக்கு ஏது?

இப்பொழுது அவன் இரண்டாவது மாருத்தைத் தொடங்கியிருக்கிறான். இருந்தபடியே செய்யப்போகிறானாம், பேனா மூடிகள் வேண்டியதில்லையாம்.