மணிக்குப் பாடம் நடக்கிறது

நடையில் ஒரு செருப்புகூட வெளியே கிடக்கவில்லை. எல்லாம் அலமாரிக்குள் ஏறிவிட்டன. தரையோரம் கிடந்த ஒயர்களை எடுத்துச் சுவரோடு ஒட்டியிருந்தார்கள். 10 வாரக் குட்டி வளர்கிற வீடு என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

ராஜபாளையத்தில், சஞ்சீவி மலை தெரிகிற ஒரு தெரு. குட்டியும் ராஜபாளையம் ஜாதிதான். பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பெயர் மணி. நாய் பழக்குகிறவர் வரும் நாளாகப் பார்த்து நானும் போயிருந்தேன்.

வந்ததும் அவர் குட்டியைத் தொடவில்லை. அது கிண்ணத்தை முகர்ந்துகொண்டிருந்தபோது, கண்ணில் படாமல் சற்றுத் தள்ளிப் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஒரு குலுக்குக் குலுக்கினார். மணி சட்டென்று தலையைத் திருப்பியது. "காது கேக்குது. நல்லது" என்றார். தோலில் நிறமி இல்லாமல் வெளுத்துப் பிறக்கும் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இந்த ஜாதியில் அந்தக் குறை உண்டு. கைதட்டிப் பார்த்தால், கை அசைவதைக் கண்டும் திரும்பிவிடும். அதனால்தான் பின்னால் நிற்பது. கேட்காத குட்டியையும் கைச்சைகையில் பழக்கலாம். ஆனால் அது தெரியாமல் "சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்குது" என்று அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று வருத்தப்பட்டார்.

2005-ல் அஞ்சல் துறை வெளியிட்ட நாட்டு நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. அத்தனை பெருமை இருந்தும், "வேட்டை நாய், குடும்பத்துக்கு ஆகாது, கட்டித்தான் போடணும்" என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆள் முகமே பார்க்காமல் சங்கிலியில் வளரும் நாய் எந்த ஜாதியானாலும் சீறத்தான் செய்யும்.

3 வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 வாரம் வரைக்கும் குட்டியின் மனசு திறந்திருக்கும். அப்போது பார்த்துப் பழகியதைப் பின்னால் கண்டு அவ்வளவாக மிரளாது. ஆனால் அதே வயதில்தான் தடுப்பூசி வரிசை முடிந்திருக்காது. தெருமண்ணில் விட்டால் பார்வோ வைரஸ் தொற்றலாம். ஆகவே மணியைத் துண்டில் சுற்றி, வீட்டுப் பையன் இடுப்பில் தூக்கிக்கொள்ள, தெருமுனைக்குப் போனோம். பால்காரர், குடை பிடித்த பாட்டி, பள்ளி வேன் எல்லாவற்றையும் குட்டி சாதாரணமாகப் பார்த்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர் பக்கத்தில் வண்டியை நிறுத்தியதும் உடம்பு விறைத்துவிட்டது. உடனே பழக்குகிறவர் எங்களைப் பத்தடி பின்வாங்கச் சொன்னார். அங்கிருந்து குட்டி ஹெல்மெட்டைப் பார்க்கும்போதெல்லாம், கடலைப்பருப்பு அளவுக்குக் கிள்ளிய வெந்த கோழிக்கறி ஒரு துணுக்கு.

"பயப்படுறப்போ தின்னக் கொடுத்தா, பயப்படவே பழகிடாதா தம்பி?" என்று கேட்டார் பையனின் அம்மா.

"பயம் என்ன கூலிக்கா வருதுக்கா, கறி கொடுத்தா கூட வர்றதுக்கு? தைரியந்தான் வரும்."

ஐந்தாறு துணுக்கில் குட்டி வாலை ஆட்டியது. அதற்குமேல் ஒரு நிமிடம்கூட அங்கே நிற்க விடவில்லை.

வீட்டுக்குத் திரும்பி உட்காரும் பாடம். கறித்துணுக்கை மூக்கருகே காட்டி, மெதுவாக நெற்றிக்கு மேலே பின்பக்கமாக நகர்த்தினார். மூக்கு மேலே போக, பின்புறம் தானாகத் தரையில் இறங்கியது. இறங்கிய அந்த நொடியே "சபாஷ்", துணுக்கு வாயில். அடுத்து அந்த அம்மா செய்தார். குட்டி சரியாக உட்கார்ந்தது. அவர் டப்பாவின் மூடியைத் திறப்பதற்குள் அது எழுந்து அவர் முழங்காலில் தாவியது. அப்போதுதான் கறி கைக்கு வந்தது, கொடுத்துவிட்டார். "இப்போ தாவுறதுக்குச் சம்பளம் கொடுத்துட்டீங்க" என்றார் பழக்குகிறவர். அடுத்த முறை அந்த அம்மா கறியை உள்ளங்கையில் தயாராக வைத்துக்கொண்டார், சரியாக வந்தது. ஐந்து நிமிடத்தோடு பழக்குகிறவர் பாடத்தை நிறுத்திவிட்டார். சலிக்கும்வரை இழுக்கக் கூடாதாம்.

ஊசிப் பல் பையன் விரலில் பதிந்தபோது அவன் கத்திக்கொண்டு கையை இழுத்தான். குட்டிக்குக் குஷி கூடியது. கத்தாமல் விளையாட்டை நிறுத்தி எழுந்துவிட வேண்டும், பிறகு கடிக்கக் கயிறு கொடுக்க வேண்டும் என்றார். பால்பல் விழுந்து முடிய 6 மாதமாவது ஆகும். அதுவரை இந்த நமைச்சல் இருக்கும்.

வீட்டுப் பாட்டிக்கு வேறு குறை. "கூடத்துல மூத்திரம் பேஞ்சா மூஞ்சியை அதுல தேய்ச்சாத்தான் புத்தி வரும்." பழக்குகிறவர் பொறுமையாகச் சொன்னார்: "எதுக்குத் தேய்க்கிறோம்னு அதுக்குப் புரியாது பாட்டி. மனுசங்க பார்க்கிறப்போ பேயக் கூடாதுன்னு நினைச்சு சோபாவுக்குப் பின்னால போயிடும்." தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடிந்ததும் கொல்லையில் ஒரே இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பெய்து முடித்ததும் அங்கேயே பாராட்ட வேண்டும். உள்ளே தவறினால் சத்தம் போடாமல் துடைப்பதுதான் வேலை. பினாயில் வேண்டாம், குட்டி தரையை நக்கும்.

அன்றைக்குக் குட்டியிடம் பேசியதைவிட வீட்டாரிடம்தான் அவர் அதிகம் பேசினார். அப்பா "மேல ஏறாதே" என்கிறார். பையன் மடியில் ஏற்றுகிறான். பாட்டி தட்டிலிருந்து சோற்றுருண்டை போடுகிறார். குட்டி யார் பேச்சைக் கேட்கும்? நாலு காலும் தரையில் இருந்தால்தான் கொஞ்சுவது, சாப்பாடு அதன் கிண்ணத்தில் மட்டும், அது தின்னும்போது பிள்ளைகள் கிட்டே போகக் கூடாது என்று பேசி முடிவு செய்தார்கள். சின்ன வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும் என்று கேட்டதும் பாட்டி பதறிப்போய், குழம்புச் சோறு இனி இல்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 8 வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எவ்வளவு மெல்லக் கடிப்பது என்பதைக் கூடப்பிறந்தவற்றோடு புரண்டுதான் அது கற்கிறது. 3 மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் தவறாமல் போடுங்கள். அந்த நோய் மனிதருக்கு வந்து அறிகுறி தெரிந்துவிட்டால், அநேகமாகப் பிழைப்பதில்லை.