அரக்கு கழித்த எடை

2025 செப்டம்பரில் ஒரு பவன் தங்கம் 80,000 ரூபாயைத் தாண்டிய செய்தி வந்த வாரம், நகைத்தொழில் தெரிந்த கோவை நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "கடை வாசல்ல மைக் நீட்டி என்ன பிரயோஜனம்? கேரளத்துச் சித்தூர்ப் பக்கம் ஒரு ஆசாரி இருக்காரு, அவர்கிட்டப் போய்க் கேளுங்க."

வேலந்தாவளம் சோதனைச் சாவடியோடு மாநிலம் மாறுகிறது, பேச்சு மாறுவதில்லை. கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் பல வீடுகளில் இன்றும் தமிழ்தான். கேரள மணப்பெண்ணின் பாலக்கா மாலையைத் தமிழ் பேசும் ஆசாரி செய்வதில் இங்கே யாருக்கும் வியப்பில்லை.

ஆசாரிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. திண்ணையை மறைத்துக் கட்டிய பட்டறையில் ஊதுகுழல், சாமணம், குறடு, அரம், உரைகல். தங்கத் தகட்டை அச்சில் வைத்துத் தட்டி இலை வடிவக் குழிகளாக்குகிறார். குழிக்கு ஒரு பச்சைக் கண்ணாடிக் கல். கல்லுக்கு அடியில் மின்னும் தாள் ஒன்று. அது இல்லாவிட்டால் பச்சை கறுத்துப்போகும். பிறகு தகட்டின் விளிம்பைக் கல்மேல் மெல்ல அமுக்கிவிடுகிறார். நாகபடத் தாலிக்கும் இதே முறைதான். குழி மட்டும் படமெடுத்த பாம்பின் வடிவில் இருக்கும்.

தகடோ விரல் பட்டால் நசுங்கும் அளவுக்கு மெல்லியது. அதைத் தாங்குவது உள்ளே நிரப்பிய அரக்கு.

மரக்கிளைகளில் ஒருவகைப் பூச்சி சுரக்கும் பிசின் அது. இந்தியாவில் அதிகம் கிடைப்பது ஜார்க்கண்டில். செங்கல் பொடி கலந்து, சூட்டில் இளக்கி, குழிக்குள் இறக்குகிறார். "அரக்கு ஜாஸ்தியானா கல்லு எந்திரிச்சு நிக்கும். கம்மியானா ஆறு மாசத்துல ஆட ஆரம்பிச்சிரும் சார்." கொஞ்சம் தங்கத்தில் கழுத்து நிறைய நகை போட முடிந்தது இந்த அரக்கால்தான்.

இடுக்கி மலையிலும் அரக்கு நகை இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்ணன் தேவன் மலைகளில் தோட்டங்கள் எழுந்தபோது, தென் தமிழகத்துப் பெண்களின் காதோடு தண்டட்டியும் பாம்படமும் மலையேறின. தகட்டுக்குள் அரக்கு அடைத்த நகைகள்தான் அவையும். வளர்த்த காதுள்ள பாட்டிகளை இப்போது மூணாறு, பீர்மேடு தோட்ட லயங்களில் தேடித்தான் பார்க்க வேண்டும். மகள் கல்யாணத்துக்கும் பேரன் படிப்புக்குமாக மலையிறங்கிய பாம்படங்கள் உருகிக் கட்டியாகிவிட்டன. அரக்கைக் கழித்து எடை போட்டார்கள். செய்நேர்த்திக்குப் பைசா கிடையாது.

ஆசாரி பிறந்தது 1963இல். அந்த ஜனவரி 9ஆம் தேதிதான் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். 22 காரட்டில் இணங்கி மடங்கும் விளிம்பு 14 காரட்டில் முரண்டு பிடிக்கும். கல் பதிப்பவர்களுக்கு இரட்டை அடி. நாடெங்கும் பட்டறைகள் மூடின, தற்கொலைகள் நடந்தன. இவருடைய அப்பா கள்ளுக்கடையில் கணக்கெழுதப் போனார். "எனக்கு ஒரு அரைஞாண் பண்ணக்கூட வீட்டுல உலை எரியல" என்கிறார். 14 காரட் வரம்பு இடையில் நீங்கினாலும், 1968இல் தங்கக் கட்டுப்பாடு சட்டமாயிற்று. அந்தச் சட்டம் நீங்கிய 1990இல் இவருக்கு வயது 27. அதன்பின் திருச்சூரிலும் கோவையிலும் எந்திர அச்சும் வார்ப்பும் பெருகின.

கணக்குக்கு வருவோம். 2020இல் பவன் 40,000 ரூபாய்க்கு வந்தது. சேதாரம் 15 சதவீதம் என்று வைத்தால் பவனுக்கு 6,000. விலை 80,000 ஆனதும் அதே நகைக்கு, அதே 15 சதவீதத்தில், 12,000. ஆசாரியின் வேலை கூடவில்லை. கூலியும் கூடவில்லை. அப்படியானால் கூடிய 6,000 யாருக்கு? கடைக்கும், கடைக்கும் பட்டறைக்கும் நடுவில் நிற்பவருக்கும்தான். அந்த நடுவாள் தங்கத்தை நிறுத்துத் தருகிறார், நகையை நிறுத்து வாங்குகிறார். இடையில் குறையும் மில்லிகிராம்கள் ஆசாரியின் கூலியில் கழிகின்றன. சேதாரம் என்று வாடிக்கையாளர் தரும் பணத்தைச் சேதாரப்பட்டவர் பார்ப்பதே இல்லை. சில கடைகள் விற்கும்போது கல்லையும் அரக்கையும் சேர்த்துத் தங்க விலை போடும். திரும்ப வாங்கும்போது இரண்டையும் கழிக்கும். நிகர எடையை ரசீதில் எழுத வேண்டும் என்பது ஹால்மார்க் விதி. அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயமானபோது குந்தன், போல்கி, ஜடாவு நகைகளுக்குப் பெயர் சொல்லி விலக்கு தந்தார்கள். பாலக்காவின் பெயரோ பாம்படத்தின் பெயரோ அதில் இல்லை.

ஆசாரியின் மகன் கோவையில் கணினியில் நகை வரைகிறார். பட்டறைக்கு வருவதில் பெரும்பகுதி கல் விழுந்த பழைய மாலைகள். அன்று பலகைமேல் இருந்ததோ பித்தளைப் பாலக்கா. கல்யாணத்துக்கு வாடகை நகை விடும் கடையொன்றின் ஆர்டர்.

"விளிம்பு மடங்க ரொம்ப அடம் பிடிக்குது. ஆனா மாலைக்கு இத்தனைன்னு பேசி முன்பணம் வாங்கிட்டேன். இதை யாரும் எடை போட மாட்டாங்க சார்."

அடுத்த முகூர்த்தத்துக்குள் இன்னும் இரண்டு மாலை தர வேண்டுமாம்.