வேலிக்குக் கீழே எல்லையில்லை

யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து கடனீரேரியை வலப்புறமாகக் கொண்டு கிழக்கு நோக்கிச் சென்றால் குருநகரை அடைகின்றோம். முன்னாளில் கரையூர் எனப்பட்ட ஊர் இது. இங்குள்ள தெருவொன்றுக்கு 'றெக்கிளமேசன் வீதி' என்று பெயர். கடலைத் தூர்த்துப் பெற்ற நிலம் என்பதை அப்பெயரே சொல்லிவிடுகின்றது. புனித யாகப்பர் ஆலயமும் ஐந்துமாடிக் குடியிருப்பும் தொலைவிலேயே கண்ணிற் படுகின்றன. சூழ நெருக்கமான வீடுகள். கடற்றொழிலாளர் படகையும் வலையையும் விட்டுத் தூரத்தே குடியிருத்தல் இயலாது. ஆகவே, குடும்பங்கள் பெருகப் பெருக வளவுகள் துண்டுபட்டன, ஒழுங்கைகள் ஒடுங்கின. மேற்கே கொட்டடி, நாவாந்துறைப் பக்கங்களிலும் இதே கதைதான்.

வீடு கட்டிக் கொடுத்தாற் போதும் என்பார் பலர். நமக்கு அது முழுதும் உடன்பாடன்று. குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கி, நிலத்தடியிலே தங்கி, கிணற்றில் ஊறுகின்றது. வேலியெல்லாம் மேலேதான், கீழே நீருக்கு எல்லையில்லை. நமது வளவின் மலக்குழி அயலவர் கிணற்றைக் கெடுக்கும். அவருடையது நமது கிணற்றைக் கெடுக்கும். கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார தாபனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்திருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். தோட்டத்து உரம் ஒரு காரணம், மலக்குழிகள் மற்றொன்று. அது கண்ணுக்குத் தெரியாது, காய்ச்சினாலும் அகலாது. கைக்குழந்தைகளையே முதலில் தாக்கும்.

ஆகவே, இம்மண்ணில் ஒரு குடும்பம் தனித்துத் தூய்மையாக வாழ்தல் இயலாது. ஒழுங்கை முழுவதும் கூடவேண்டும். கூடிச் செய்தோர் உளர். கராச்சி நகரின் ஒராங்கிப் பகுதியில், 1980-இல் அக்தார் ஹமீட் கான் தொடங்கிய முயற்சியிலே, ஒவ்வோர் ஒழுங்கையினரும் பணம் சேர்த்துத் தாமே கழிவுக்குழாய் புதைத்தனர். ஒப்பந்தக்காரர் இல்லாமையாற் செலவும் வெகுவாகக் குறைந்தது. நமது நாட்டிலும், 1984-இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டத்தின்போது, கொழும்பில் 'தோட்டங்கள்' என வழங்கும் குடியிருப்புகளிலே சமுதாய அபிவிருத்திச் சபைகள் இயங்கின. வடிகாலும் நடைபாதையும் கட்டும் ஒப்பந்தத்தைச் சில இடங்களில் அச்சபைகளே ஏற்றன. தம் வாசலில் ஓடும் வாய்க்காலுக்குச் சீமெந்தைக் குறைத்துப் போட எவருக்குத்தான் மனம் வரும்!

எனினும் ஒராங்கி சரிவான நிலம். கழிவு தானே ஓடிவிடும். குருநகரோ கடல்மட்டத்தை ஒட்டியது. இங்கே பொருந்துவது, அடி மூடிய தொட்டிகளைச் சில வீடுகளுக்கு ஒன்றாகக் கட்டி, மாநகரசபைப் பவுசரைக் கொண்டு முறையாக வெளியேற்றுவதே என்று எண்ணுகின்றோம். பவுசர் நுழைய ஒழுங்கை இடங்கொடுக்க வேண்டும். அதற்காக வேலியை ஒரு முழம் பின்னே நகர்த்த இருபுறத்தாரும் இசைய வேண்டும். வேலிச் சண்டைக்குப் பேர்போன நம்மவரிடம் இது எளிதான பேச்சன்று. இதற்குப் புதிய சபை எதுவும் தேவையில்லை. சனசமூக நிலையம் உண்டு, மாதர் சங்கம் உண்டு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் உண்டு. பத்திரிகை வாசிக்கக் கூடுகின்ற அதே மண்டபத்தில் இதையும் பேசலாம்.

2024-இல் தாளையடியிலே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய்நீர் பெருகினால், குழியில் விழும் கழிவுநீரும் பெருகும். மாணவர் சிலர் அளவுநாடாவும் அப்பியாசக் கொப்பியும் எடுத்துக்கொண்டு, தத்தம் ஒழுங்கையில் எந்தக் குழி எந்தக் கிணற்றுக்கு எத்தனை அடி தூரம் என்று எழுதத் தொடங்கினால், சனசமூக நிலையத்தின் அடுத்த கூட்டத்துக்கு அதுவே போதிய விடயமாகும்.